ஆக்சிஜன் குழாயைக் கழற்றிய பிறகு

நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாள். அன்று பல மருத்துவமனைகளில் ஊதா நிறத் துணி கட்டுவார்கள். எழுநூறு, எண்ணூறு கிராமில் பிறந்து பிழைத்த பிள்ளைகளைப் பெற்றோருடன் வரவழைத்து, கேக் வெட்டி, படம் எடுப்பார்கள். மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அது வரும். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். என் மகள் வயிற்றுப் பேத்தியும் அப்படிப் பிழைத்தவள்தான். ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது எப்படி இருக்கிறது என்று எந்தப் பக்கத்திலும் நான் படித்ததில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2018 மே மாதக் கடைசி வாரம். ஆகஸ்ட் பிற்பாதியில் பிறக்க வேண்டியவள், மகளுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால் 27 வாரத்தில், 920 கிராம் எடையில், மதுரையில் பிறந்தாள். முதலில் வென்டிலேட்டர், பிறகு மூக்கு வழியே அழுத்தக் காற்று தரும் சீபாப், அதன் பிறகு மூக்கில் செருகிய மெல்லிய ஆக்சிஜன் குழாய் என்று படிப்படியாக இறங்கி வந்தாள். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆகியும் அந்தக் கடைசிக் குழாயை எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஆக்சிமீட்டரில் எண் சரியும். 'பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா' என்றார் டாக்டர். சிஸ்டர்கள் சுருக்கி 'பி.பி.டி. பாப்பா' என்றார்கள். நுரையீரல் முதிராமல் பிறந்து, செயற்கைச் சுவாசத்தாலும் ஆக்சிஜனாலும் உயிர் பிழைக்கும் பிள்ளைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய் அது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடுதான் வீட்டுக்கு வந்தாள். கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள மூலையில் ஒரு சிலிண்டர். 2021இல் ஊரெல்லாம் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு 'சாச்சுரேஷன் எவ்வளவு' என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அது பழகிப்போன பேச்சு. கொசுவர்த்தி, ஊதுபத்தி எல்லாவற்றையும் நிறுத்தினோம். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டாத பிள்ளை எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான். 'புகை காட்டாம சளி எப்படிப் போகும் டீச்சர்?' என்று பெரியவர்கள் கேட்டார்கள். விறகடுப்பிலிருந்து வந்தாலும் சாம்பிராணியிலிருந்து வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து பிடிக்கும் பீடியிலிருந்து வந்தாலும் அந்த நுரையீரலுக்குப் புகை புகைதான். அதைச் சொல்ல நான் யாரிடமும் தயங்கியதில்லை. குறைமாதப் பிள்ளை இருக்கும் வீட்டார் எவரும் தயங்கக் கூடாது. முதல் இரண்டு மழைக்காலமும் சளி நெஞ்சுக்கு இறங்கி, மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வயது தாண்டிக் குழாய் கழன்றது. சொந்தக்காரர்கள் எல்லோரும் நோய் போய்விட்டது என்று இனிப்பு வாங்கி வந்தார்கள்.

நோய் அப்படிப் போய்விடுவதில்லை. ஏன் என்று விளங்க இதன் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

இந்த நோய் மருத்துவ ஏடுகளுக்கு வந்தே அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் இப்படிப் பிறந்த பிள்ளைகள் இந்த நோய் வரும்வரை உயிரோடு இருந்ததில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். என் பேத்தியைப் போல இரண்டு மடங்கு. 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்துபோனான். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் இந்தக் குழந்தைகளிடம் குறைவு என்று மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959இலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதை மருந்தாகக் கொடுத்துக் குழந்தைகளைப் பிழைக்க வைத்துக் காட்ட, ஜப்பானின் ஃபுஜிவாராவுக்கு 1980 ஆயிற்று. இடையில், 1972இல், நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாகப் பக்குவப்படும் என்று காட்டினார்கள். லிகின்ஸ் அதை முதலில் கவனித்தது செம்மறியாட்டுக் குட்டிகளில். பிரசவத்துக்கு முன் என் மகளுக்குப் போட்ட ஊசிகள் அவர்கள் தந்தவை.

1967இல் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வேயும் அவருடைய சகாக்களும் 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வென்டிலேட்டரின் அழுத்தமும் கூடுதலான ஆக்சிஜனும் உயிரைக் காப்பாற்றிக்கொண்டே நுரையீரலைப் புண்ணாக்கியிருந்தன. இன்று கருவிகள் மென்மையாகிவிட்டன. ஆனால் பிழைக்கும் குழந்தைகளோ இன்னும் சிறியவர்கள். 27 வாரத்தில் முழுமையான காற்றுப்பைகள் உருவாகத் தொடங்கியே இருக்காது. கருப்பைக்குள் நடக்க வேண்டிய அந்த வளர்ச்சி வெளிக்காற்றில் தடுமாறுகிறது. எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெரிய பைகளோடு நுரையீரல் அமைந்துவிடுகிறது. குழாய் கழன்றதென்றால், அந்த நுரையீரல் உட்கார்ந்திருக்கவும் தூங்கவும் விளையாடவும் போதுமானதாகிவிட்டது என்று பொருள். மற்றப் பிள்ளைகளின் நுரையீரலுக்குச் சமமாகிவிட்டது என்று பொருள் இல்லை. இப்படிப் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகும் ஊதிக் காட்டும் பரிசோதனையில் காற்றின் வேகம் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

நுரையீரலோடு இது நிற்பதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. நுரையீரல் தடுமாறும் அதே வாரங்களில் மூளையின் இழைகளும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் ஏறி இறங்குவதையும் நோய்த்தொற்றுகளையும் எடை ஏறாமல் இழுபறியாகக் கழியும் வாரங்களையும் மூளையும் சேர்ந்தே தாங்குகிறது. இரண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியவை என்பதற்கு மருந்துகளே சாட்சி. பேத்திக்குப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் கஃபீன் கொடுத்தார்கள். நம் காப்பியில் இருக்கும் அதே பொருள். மூச்சு விடுவதை இடையிடையே நிறுத்திவிடும் குறைமாதக் குழந்தைகளை மூச்சுவிடத் தூண்டும் மருந்து அது. கனடாவின் பார்பரா ஷ்மிட் தலைமையில் 2,006 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கஃபீன் பெற்றவர்களுக்கு இந்த நுரையீரல் நோய் குறைவாக வந்தது. 18 மாதத்தில் பார்த்தபோது மூளை முடக்குவாதமும் குறைந்திருந்தது. இதற்கு நேர்மாறாக ஒன்று: வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் எடுப்பதற்காகக் குழந்தைக்கே டெக்ஸாமெதசோன் ஊசியைத் தாராளமாகப் போட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. மூச்சு தேறியது, ஆனால் மூளை முடக்குவாதம் கூடியது. 2002இல் அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவ அமைப்புகள் அதை வழக்கமாகப் போட வேண்டாம் என்று அறிவித்தன. பெரிய பாதிப்புகள் கண்ணுக்குத் தெரியும். நடக்க முடியாத பிள்ளையையும் பார்வை குறைந்த பிள்ளையையும் எவரும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நான் பேசுவது, நடந்து ஓடிப் பேசிச் சிரித்துப் பள்ளிக்கு வந்து, எந்தப் பட்டியலிலும் சேராமல் நடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி.

யு.கே.ஜி.யில் பேத்தியைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. 'ரொம்ப அமைதியான பொண்ணு' என்றார்கள். ஒன்றாம் வகுப்பிலும் அதேதான். இரண்டாம் வகுப்பில் 'கவனம் போதாது' என்று டைரியில் எழுதி வந்தது. மூன்றாம் வகுப்பில் 'எழுதுவதில் மெதுவு, பிள்ளைகளோடு சேர்வதில்லை, சொன்னதை உடனே செய்வதில்லை' என்று நீண்டது. வீட்டில் நான் உட்கார வைத்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்த கணக்கைப் போட்டுவிடுகிறாள். வாயால் சொல்லும் கணக்கில்தான் சிக்குகிறாள். 'கடைக்காரரிடம் 50 ரூபாய் கொடுத்தாய், ஐந்து ரூபாய்ப் பென்சில் மூன்று வாங்கினாய், மீதி எவ்வளவு?' என்றால், மூன்றாவது துண்டு வரும்போது முதல் துண்டு அவள் நினைவிலிருந்து நழுவியிருக்கும். அதையே தாளில் எழுதி முன்னால் வைத்தால் பென்சிலைக் கடித்தபடி 35 என்று எழுதிவிடுகிறாள். புது ஆள் வந்தால் மகளின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வயிற்று வலி வரும்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடியவை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் குறைமாதப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது இவை ஒரு கொத்தாகச் சேர்ந்தே வந்தன: கவனம் சிதறுதல், பதற்றம், பிற பிள்ளைகளோடு பழகத் தயக்கம், கணக்கில் தடுமாற்றம். நுரையீரல் நோயும் சேர்ந்த பிள்ளைகளிடம் படிப்புச் சிக்கலும் கவனக் குறைவும் கூடுதலாகத் தெரிந்தன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் 26 வாரம் முடியுமுன் பிறந்தவர்களை 'எபிக்யூர்' என்ற ஆய்வில் இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 11 வயதில் பார்த்தபோது அவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நடத்தை, மனநலம் சார்ந்த ஏதோவொரு சிக்கல் கண்டறியும் அளவுக்கு இருந்தது. கூடப் படித்த மற்றப் பிள்ளைகளில் அது நூற்றுக்கு 9. அதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்: அவ்வளவு முன்னதாகப் பிறந்தும் நான்கில் மூன்று பேருக்கு அப்படி எதுவும் கண்டறியப்படவில்லை. இதைப் படிக்கும் இளம் தாய் ஒருத்தி பயந்துவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தக் கொத்தில் என்ன இல்லை என்பதுதான் ஆசிரியராக எனக்கு முக்கியமாகப் பட்டது. துறுதுறுப்பும் அடிதடியும் எதிர்த்துப் பேசுவதும் இந்தப் பிள்ளைகளிடம் அவ்வளவாக இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் கண் எங்கே போகும்? பெஞ்சு மேல் ஏறுகிறவனிடமும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறவளிடமும்தான். சத்தம் போடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அது நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டே பின்தங்கிவிடுகிறது.

நடத்தை என்று நாம் எழுதி வைப்பதில் எவ்வளவு பங்கு மூச்சினுடையது என்பதையும் பார்க்க வேண்டும். விளையாட்டு நேரத்தில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடியதும் பேத்திக்கு இரைக்கும். ஓரமாகப் போய் நிற்பாள். தேறித் திரும்புவதற்குள் அணி பிரித்து ஆட்டம் தொடங்கியிருக்கும். 'நீ அடுத்த ஆட்டத்துக்கு வா' என்பார்கள். அடுத்த ஆட்டத்திலும் அதேதான். இது ஒரு பருவம் முழுக்க நடந்தால் பிள்ளை தானாகவே ஓரத்தில் போய் நின்றுகொள்ளும். டைரியில் 'சேர்வதில்லை' என்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் வீசிங் வந்து நாலைந்து நாள் பள்ளிக்குப் போக முடியாது. திரும்பி வரும்போது வகுத்தல் முடிந்து பின்னம் தொடங்கியிருக்கும். இரவில் இருமிக்கொண்டே விழித்திருந்த பிள்ளை காலை இரண்டாம் பாடவேளையில் கொட்டாவி விடும். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? இன்ஹேலர் எடுக்கும் பிள்ளை என்று தெரிந்தால் வேறொரு தவறும் நடக்கிறது. விளையாட்டு நேரம் முழுக்க மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பரிவினால் செய்வதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தானே உணரக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

பிறந்த தேதி விவகாரம் ஒன்று இருக்கிறது. சேர்க்கைக்கு நம் மாநிலத்தில் ஜூலை 31ஐ வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆகஸ்ட் பிற்பாதியில் பிறந்திருக்க வேண்டிய பேத்தி மே மாதமே பிறந்ததால் ஒரு கல்வியாண்டு முன்னால் தள்ளப்பட்டாள். மருத்துவர்கள் இரண்டு வயதுவரை இந்தப் பிள்ளைகளுக்குத் 'திருத்திய வயது' பார்க்கிறார்கள். பிறக்க வேண்டிய நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். பள்ளி வாசலில் அந்தத் திருத்தம் காணாமல் போய்விடுகிறது. திருத்திய வயதில் பார்த்தால் வகுப்பிலேயே இளையவளான அவள், உண்மையில் அடுத்த ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவள். ஓர் ஆண்டு தள்ளிச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் பார்த்த ஆய்வில், தள்ளிச் சேர்த்ததால் மட்டும் குறைமாதப் பிள்ளைகள் படிப்பில் முந்திவிடவில்லை. ஆனால் ஜூலை 31க்கு முன்னும் பின்னுமாகத் தேதி விழும் இந்தச் சில பிள்ளைகளுக்கு, எந்த ஆண்டு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றோரிடம் விட்டால் அரசுக்கு என்ன குறைந்துவிடும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் பிறந்த வாரம் எழுதியிருக்கிறதே. அதையே ஆதாரமாக ஏற்றுக்கொள்ளலாம்.

2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்த கணக்கு சொல்கிறது. உலகத்திலேயே இதுதான் பெரிய எண்ணிக்கை. அவர்களில் மிகச் சிறியவர்களாகப் பிறந்தவர்களைக் காப்பாற்றும் திறமை இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்வரை வந்துவிட்டது. அரசு பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரவு பகலாக நிற்கும் சிஸ்டர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2013 முதல் நடுவண் அரசின் சிறார் நலத் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் வந்துள்ளன. நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே ஆள் இல்லை, அமைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. தொடர்ச்சிதான் இல்லை. பிள்ளை நடந்துவிட்டது, பேசிவிட்டது என்றால் பெற்றோரும் போவதை நிறுத்திவிடுகிறார்கள், மருத்துவமனையும் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. சிக்கல் தலைகாட்டுவதோ ஏழு, எட்டு வயதில், வாய்ப்பாடும் வாக்கியக் கணக்கும் வரும்போது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் சலுகைகள் பெரும்பாலும் 40 விழுக்காடு என்ற அளவுகோலைத் தாண்டியவர்களுக்குத்தான். நான் பேசும் பிள்ளைகளில் பலர் எந்த அளவுகோலிலும் அகப்பட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் உண்டு. குழந்தை எத்தனையாவது வாரத்தில் என்ன எடையில் பிறந்தது என்பது அந்தப் பதிவோடு சேர்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. இரண்டும் ஒரே அரசின் இரண்டு துறைகளிடம் இருக்கும் கணினிப் பதிவுகள். பெற்றோர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால், 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு அந்த ஒரு தகவல் மட்டும் வகுப்பாசிரியரைச் சென்றடைய வழி செய்யலாம். கூடவே ஆசிரியர் பயிற்சியில் அரை நாள் போதும். எதைக் கவனிப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பழக்கிவிடலாம். இங்கிலாந்தில் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, பெரும்பாலோர் இதைப் பற்றி எந்தப் பயிற்சியும் பெற்றதில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு பள்ளி ஆசிரியர்களுக்கென்றே இலவச இணையவழிப் பாடம் ஒன்றைத் தயாரித்தார்கள். நம்மால் முடியாத காரியமா அது? ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் ஒருமுறை, பிறந்த மருத்துவமனையோ மாவட்ட மையமோ இந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். கவனம், கணக்கு, தூக்கம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, ஊதத் தெரிந்த வயதாகிவிட்டதால் நுரையீரல் அளவையும் எடுத்துவிடலாம்.

முத்திரை குத்திவிடுவார்களே என்று என் மகளே என்னிடம் வாதாடினாள். 'குறைமாதம்னு தெரிஞ்சா இவளால முடியாதுன்னு ஒதுக்கிடுவாங்கம்மா.' அந்தப் பயம் நியாயமானது. 'குறை' என்ற முன்னொட்டோடு வரும் எதையும் நம் ஊர் லேசில் விடாது. ஆனால் சொல்லாமல் விட்டால் முத்திரை விழாமல் இருப்பதில்லை என்பதை வகுப்பறைக்குள் இருந்து பார்த்தவள் நான். மந்தம், சோம்பேறி, ஊமைக்கோட்டான் என்று அது வேறு பெயரில் விழுகிறது. பிள்ளை அதை நம்பிவிடுகிறது. காரணம் தெரிந்த ஆசிரியர் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுப்பார், பத்து நிமிடம் கூடுதலாகத் தருவார், முன் வரிசையில் உட்கார வைப்பார். இதற்கெல்லாம் பணமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

என் மகளைப் பற்றியும் எழுத வேண்டும். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் அவளிடம் என்னென்ன கேட்டார்கள்! பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா, மாடிப்படி ஏறினாயா. இரத்த அழுத்தம் அவள் வரவழைத்துக்கொண்டதா? வீட்டுக்கு வந்த பிறகும் இரவெல்லாம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போதும் பிள்ளை இருமினால் அடுத்த அறையில் எழுந்து உட்காருகிறாள். அமெரிக்காவில் லின் சிங்கர் குழுவினர் இந்த நோயுள்ள குழந்தைகளின் தாய்மாரை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மற்றக் குறைமாதப் பிள்ளைகளின் தாய்மாரைவிட இவர்களிடம் மன அழுத்தம் நீடித்தது. பிள்ளையைப் பின்தொடர்ந்து பார்க்கும்போது, 'நீங்க நல்லாத் தூங்குறீங்களா?' என்று தாயையும் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் வர வேண்டும். அது தாய்க்கு மட்டும் செய்கிற உபகாரமும் இல்லை. பவேரியாவில் டீட்டர் வோல்கே குழுவினர் பார்த்ததில், ஆறு வயதில் பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து, பொறுமையாக, தாங்களே செய்து முடித்துவிடாமல் கைகொடுத்த வீடுகளில், மிகவும் முன்னதாகப் பிறந்த பிள்ளைகளும் 13 வயதில் படிப்பில் மற்றவர்களுக்கு நெருக்கமாக வந்திருந்தார்கள். ஓயாமல் பயந்துகொண்டிருக்கும் தாயால் அந்தப் பொறுமைக்கு எங்கே போக முடியும்?

எங்கள் மாப்பிள்ளை லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். பிள்ளை கொஞ்சம் தேறியதும், சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தபடி சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் அரசு மருத்துவமனையில் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை அது. அந்த ஊரிலேயே அப்படி வளர்ந்த பிள்ளைகளை 20 ஆண்டு கழித்து நத்தலி சார்பக் தேடிப் பார்த்து 2017இல் எழுதினார். வழக்கமான முறையில் வளர்ந்தவர்களைவிட அவர்களிடம் மிகையான துறுதுறுப்பும் மூர்க்கமும் குறைவாக இருந்தன. பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு. பிறந்த முதல் வாரங்களில் கிடைத்த அப்பன் நெஞ்சுச்சூடு இருபது வயதுவரை கூட வருகிறது என்று படித்தபோது மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

கனடாவின் ஹாமில்டனில் சரோஜ் சைகல் என்ற, இந்தியாவிலிருந்து போன மருத்துவர் ஒருவர், ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் வேறு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கிறது? 1996இல் வெளியான அந்த ஆய்வில், பார்வையிலும் அசைவிலும் படிப்பிலும் பல தடைகள் இருந்தும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் தங்கள் வாழ்க்கைக்கு மற்றப் பிள்ளைகள் கொடுத்த அளவுக்கே உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். பின்னொரு ஆய்வில் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டபோது, கடுமையான குறைபாடுள்ள வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு, பிள்ளைகளும் பெற்றோரும் கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. அளக்கிறவர்கள் ஒன்றை நினைக்கிறார்கள், வாழ்கிறவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். அதனால் பேத்தியைப் பற்றி எதைத் தீர்மானிக்கும்போதும் அவளிடம் கேட்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒவ்வொரு ஜூனிலும் புது வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் எந்த வீட்டாரும் கொடுக்கலாம். எத்தனை வாரத்தில் பிறந்தாள், நுரையீரலில் என்ன, இன்ஹேலரும் ஸ்பேசரும் பையின் எந்த அறையில் இருக்கின்றன, உதடு நிறம் மாறினால் யாரைக் கூப்பிடுவது, வாயால் சொல்லும் கணக்கை எழுதிக் கொடுத்தால் போடுவாள் என்று நான் எழுதுவேன். இந்த ஆண்டு விளையாட்டைப் பற்றி என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். 'மூச்சு வாங்குனா நானே சொல்றேன் அம்மாச்சி. அதுக்கு முன்னாடி உக்கார வைக்க வேணாம்னு எழுதுங்க' என்றாள். அப்படியே எழுதினேன். விளையாட்டு ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அவளைக் கோ-கோவில் சேர்த்தார். துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகில் தட்டி 'கோ' சொன்னால் எழுந்து ஓட வேண்டும். இரைத்தால் அடுத்தவளுக்குக் 'கோ' கொடுத்துவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். விதியே அதுதான் என்பதால் யாரும் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பதில்லை.